அந்தக் காலி டிரம்மில் என்ன இருந்தது?

பேரூரைக் கடந்து மேற்கே தொண்டாமுத்தூரை நோக்கிச் செல்லும் சாலையிலும், அங்கிருந்து நரசீபுரம், தேவராயபுரம் என்று பிரியும் சாலைகளிலும் சிறு சிறு வெல்டிங் பட்டறைகள் உண்டு. தகரக் கூரை, முன்னால் பழுதுக்கு வந்த கலப்பை, சுவரில் சாய்த்து வைத்த குழாய்கள், ஓரமாக ஒரு தண்ணீர் டேங்கர். உள்ளே இரண்டு பேரோ மூன்று பேரோ வேலை செய்வார்கள். அவர்களில் ஒருவர் பெரும்பாலும் பட்டறையின் உரிமையாளராகவே இருப்பார். வாழையும் தென்னையும் பாக்கும் தக்காளியும் சின்ன வெங்காயமும் விளையும் இந்த மலையடிவாரத்தில், உழவு நேரத்தில் கலப்பையின் கொழு முறிந்தாலோ, டிரெய்லரின் பின்கதவு விட்டுப்போனாலோ விவசாயி முதலில் தேடி வருவது இந்தப் பட்டறைகளைத்தான்.

வெல்டிங் பாதுகாப்பைப் பற்றி எழுதப்படுவனவும் பேசப்படுவனவும் பெரும்பாலும் தொழிற்சாலையை மனத்தில் வைத்தவை. கோவையின் பம்புசெட் ஆலையிலோ, திருச்சியின் கொதிகலன் ஆலையிலோ பணியாற்றும் வெல்டருக்குத் தன் முன்னால் உள்ள தகடு எந்த உலோகம், அதன்மேல் என்ன பூச்சு, எந்த ராடு, எத்தனை ஆம்பியர் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதித் தரப்பட்டிருக்கும். சாலையோரப் பட்டறைக்கு அந்த வாய்ப்பு இல்லை. வாடிக்கையாளர் வண்டியிலிருந்து எதை இறக்கி வைக்கிறாரோ அதுதான் அன்றைய வேலை. ஆபத்தும் அதே வண்டியில் வந்து இறங்குகிறது என்பதைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பல ஆண்டுகள் உலோக வேலை கற்பித்தவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடி போடு, கையுறை அணி என்று வெல்டருக்கு அறிவுரை கூறுவது எளிது. அவரிடம் வேலை கொடுக்கும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது பேசப்படுவதே இல்லை.

முதலில் காலி டிரம்மை எடுத்துக்கொள்வோம். இருநூறு லிட்டர் இரும்பு டிரம்மைக் குறுக்கே அறுத்தால் மாடுகளுக்கு இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் கிடைக்கும். நெடுக அறுத்தால் தீவனத் தொட்டி. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைப்பதால் கிராமங்களில் இதற்கு எப்போதும் தேவை இருக்கிறது. அந்த டிரம் டீசலோ தின்னரோ சாய ஆலைக்கு வந்த ஏதோ ஒரு கரைப்பானோ வைத்திருந்ததாக இருக்கலாம். "இதுல முன்ன என்னங்ணா இருந்துச்சு?" என்று வெல்டர் கேட்டால், "வெறும் டிரம்முதானுங்க" என்பதே வழக்கமான பதில். உண்மையில், நிறைந்த டிரம்மைவிட வெறும் டிரம்தான் அபாயமானது. எரிபொருளின் திரவம் எரிவதில்லை. அதன் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை இருந்தால் வெடிக்கும். நிறைந்த டிரம்மில் காற்றுக்கு இடமில்லை. காலியான டிரம்மில் காற்றும் இருக்கிறது, மடிப்பு விளிம்புகளில் ஒட்டிய மிச்சமும் இருக்கிறது.

அந்த மிச்சம் எவ்வளவு இருந்தால் போதும்? கணக்கிட்டுப் பார்த்தால், இருநூறு லிட்டர் டிரம்மை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் பெட்ரோல் போதும். மருந்து பாட்டிலின் மூடியில் இருமல் மருந்தை நிறைத்து ஊற்றுவோமே, அதற்குச் சற்று முன்பின்னான அளவு. கவிழ்த்து வைத்து வெயிலில் காயவிட்டாலும் அந்த அளவு உள்ளே தங்கிவிடும். டீசல் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது என்ற நம்பிக்கை இதைவிட மோசமானது. அறை வெப்பத்தில் அது ஆவியாவது குறைவு என்பது உண்மைதான். ஆனால், வெல்டரின் தீ முதலில் செய்வது தகட்டைச் சூடாக்குவது. தகட்டின் மறுபுறத்தில் ஒட்டியிருக்கும் டீசல் அப்போதுதான் ஆவியாகிறது. வேலை தொடங்கும்போது இல்லாத அபாயத்தை வேலையே உண்டாக்கிவிடுகிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 37ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. வெடிக்கவோ எரியவோ கூடிய பொருள் இருந்த, அல்லது முன்பு எப்போதோ இருந்த தொட்டியை, அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் அகற்றாமல் வெல்டிங் செய்யவோ வெட்டவோ கூடாது என்பது அதன் சாரம். ஆனாலும் பெரிய நிறுவனங்களின் வளாகங்களிலேயே இவ்வகை விபத்துகள் நிகழ்கின்றன. 2023 டிசம்பர் 27 அன்று சென்னை தண்டையார்பேட்டையில் இந்தியன் ஆயில் நிறுவன முனையத்தில் எத்தனால் தொட்டியில் வெல்டிங் பணி நடந்தபோது ஏற்பட்ட வெடிப்பில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் சென்னைத் துறைமுகத்தில் பழுதுபார்ப்புக்காக நின்ற எண்ணெய்க் கப்பலில் நேர்ந்த வெடிப்பிலும் ஒருவர் இறந்தார். பாதுகாப்பு அதிகாரியும் பணி அனுமதிச் சீட்டும் உள்ள இடங்களின் நிலையே இது என்றால், இரண்டு பேர் உழைக்கும் பட்டறையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

டிரம்மை நெருப்பில்லாமல் அறுப்பதே மேல். கிரைண்டரும் நெருப்புதான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் பொறி போதும். டிராக்டரின் டீசல் டேங்க்கை வெல்டிங் செய்தே ஆக வேண்டுமென்றால், சோப்பு கலந்த கொதிநீரால் பலமுறை கழுவி, மூடிகளைத் திறந்து வைத்து, பற்றவைக்கும் இடம்வரை தண்ணீர் நிரப்பி, ஆவி தங்கும் இடத்தையே இல்லாமல் செய்துவிட்டுத் தொடங்க வேண்டும். பூச்சிக்கொல்லி இருந்த டப்பாவையோ, என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மையோ திருப்பி அனுப்பிவிடும் வெல்டரைக் கோபித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போகாமல் இருப்பது, வாடிக்கையாளர் செய்யக்கூடிய பெரிய உதவி. மறுக்கும் வெல்டருக்கு அன்றைய கூலி போகிறது. அடுத்த கடைக்காரர் மறுக்காவிட்டால் வாடிக்கையாளரும் போய்விடுகிறார். பாதுகாப்பு பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது, துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய். திராட்சைப் பந்தல், பாகல் பந்தல், நிழல்வலைக் குடில், வேலித் தூண் என்று இந்தப் பகுதியில் ஜிஐ குழாய் இல்லாத தோட்டமே இல்லை எனலாம். இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும்; துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே, இரும்பு உருகும் முன்பே அதன்மேல் உள்ள துத்தநாகம் முழுவதும் வெண்புகையாக வெல்டரின் முகத்துக்கு வருகிறது. பகல் முழுவதும் அதைச் சுவாசித்தவருக்கு மாலையில் தொண்டை வறளும். நாக்கில் ஒருவித இனிப்பும் உலோகச் சுவையும் தட்டும். இரவில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சரியாகிவிடும். இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். தொடர்ந்து சில நாள் இதே வேலை செய்தால் உடல் ஓரளவு பழகிக்கொள்ளும். ஒரு நாள் இடைவெளி விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால்தான் மேலை நாடுகளில் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்ற பெயரும் உண்டு. ஞாயிறு விடுமுறை விடும் நம் பட்டறைகளுக்கும் அது பொருந்தும்.

இந்தக் காய்ச்சலோடு மருத்துவரிடம் போகிறவர் மழைக்காலமாக இருந்தால் டெங்கு பரிசோதனைக்கு அனுப்பப்படுவார். அதில் தவறில்லை. ஆனால், 'நேற்று என்ன வேலை செய்தீர்கள்?' என்ற கேள்வி எழுவது அரிது. நோயாளியிடம் அவருடைய தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளர்களின் நோய்கள் குறித்து 1700ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மருத்துவர்களுக்கு எழுதிவைத்தார். மூன்று நூற்றாண்டுகள் ஆகியும் நம் வெளிநோயாளர் சீட்டில் வயதுக்கும் பாலினத்துக்கும் இருக்கும் இடம் தொழிலுக்கு இல்லை.

பால் குடித்தால் புகை முறியும், வெல்லம் தின்றால் நெஞ்சில் உள்ள தூசி இறங்கிவிடும் என்பன பட்டறைகளில் பரவலாக உள்ள நம்பிக்கைகள். வெல்லத்தைப் பற்றி லக்னோவில் உள்ள தொழில் நச்சியல் ஆய்வு மையத்தினர் 1990களில் எலிகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நுரையீரலில் தங்கிய தூசி வெளியேற அது உதவுவதாகவும் எழுதினார்கள். ஆனால் அது எலி, அது நிலக்கரித் தூசியும் சிலிக்காவும். மனிதர் சுவாசிக்கும் உலோகப் புகைக்கு அதை மருந்தாகக் கொள்ள இடமில்லை. பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. பால் குடிப்பதால் கெடுதல் இல்லை. பால் குடித்தாகிவிட்டது என்ற நிம்மதிதான் கெடுதல். ஜிஐ குழாயைப் பற்றவைக்கும் முன் இணைப்பின் இருபுறமும் இரண்டு அங்குலம் அளவுக்கு துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால் புகை பெருமளவு குறையும். பூச்சைத் தேய்க்கும்போது முகக்கவசம் வேண்டும். பந்தல் போடும் விவசாயி வெல்டிங்குக்குப் பதிலாகக் கிளாம்ப்பும் போல்ட்டும் கேட்டால் அந்தப் புகையே எழாது. பூச்சு கெடாததால் மூட்டுகள் துருப்பிடிக்காமல் நீடிக்கும் என்பது விவசாயிக்கே ஆதாயம்.

துத்தநாகக் காய்ச்சல் வந்து போவது. தங்கிவிடும் கேடுகள் வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 2017இல் சேர்த்தது. அதற்கு முன்புவரை அது 'உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் இருந்தது. துருப்பிடிக்காத எஃகில் உள்ள குரோமியமும் நிக்கலும்தான் ஆபத்து, சாதாரண இரும்பால் ஒன்றும் ஆகாது என்றே நான் படித்த காலத்துப் பாடநூல்கள் கூறின. புதிய முடிவில் அந்த வேறுபாடு இல்லை. பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு 2019 பிப்ரவரியில், சாதாரண இரும்பு வெல்டிங்குக்கும் வெறும் காற்றோட்டம் போதாது, புகையை எழும் இடத்திலேயே உறிஞ்சும் கருவி வேண்டும், அது இயலாதபோது தகுந்த சுவாசக்கவசம் வேண்டும் என்று அறிவித்தது. ராடிலும் எஃகிலும் உள்ள மாங்கனீசு நீண்ட காலத்தில் நரம்பைத் தாக்கக்கூடியது. மாங்கனீசு தாது அரைத்த ஆலைத் தொழிலாளர்களின் நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் கூப்பர் 1837இலேயே பதிவு செய்தார்.

புகையுறிஞ்சும் கருவி வாங்கும் நிலையில் தொண்டாமுத்தூர்ப் பட்டறை இல்லை என்பதை நான் அறிவேன். ஆனால் மின்விசிறி இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வியர்வைக்காக முதுகுக்குப் பின்னால் வைப்பது வழக்கம். பின்னாலிருந்து வரும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு போகும்போது நெஞ்சுக்கும் முகத்துக்கும் முன்னால் ஒரு சுழல் உண்டாகி, புகை அங்கேயே சுற்றும். விசிறியைப் பக்கவாட்டில் வைத்தால் புகை முகத்தைத் தொடாமல் விலகிப்போகும். வெளியில் வேலை செய்யும்போதும் காற்றின் திசைக்குக் குறுக்காக அமர்வதே சரி. கார்பன் டை ஆக்ஸைடு வாயு பாய்ச்சி வெல்டிங் செய்யும் இயந்திரத்துக்கு மட்டும் இது ஒத்துவராது. பலத்த காற்று அந்த வாயுவைக் கலைத்துவிடும் என்பதால் அங்கே விசிறியின் வேகத்தைக் குறைத்துத் தள்ளி வைக்க வேண்டும். மூக்கைச் சுற்றிக் கட்டும் கைக்குட்டையால் பயனில்லை. வெல்டிங் புகையின் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை; துணியின் இழைகளுக்கிடையே சுலபமாகப் புகுந்துவிடும். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான என்-95 முகக்கவசம் குறைந்தபட்சத் தேவை. வாயுக்களை அது தடுக்காது. எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் குளோரின் கலந்த கரைப்பான்களின் ஆவி வெல்டிங் ஒளியில் சிதைந்து, முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் வாயுவாக மாறக்கூடும். பிரேக் கிளீனர் தெளித்த பாகத்தை ஈரம் காயாமல் பற்றவைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கண்ணைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். வெல்டிங் நடக்கும் பக்கம் பார்க்காதே என்று குழந்தைகளை அதட்டாத தாய் இல்லை. ஆனால் கண் கெடுவது நீண்ட வெல்டிங்கின்போது அல்ல; அப்போது வெல்டர் ஷீல்டைப் பிடித்திருப்பார். இரண்டு துண்டுகளை நேராக நிறுத்தி, அசையாமல் இருக்க அங்கங்கே ஒரு புள்ளி வைப்பார்களே, 'டேக்' என்பார்கள், அப்போதுதான் கெடுகிறது. ஒரு கை துண்டைப் பிடித்திருக்கும், மறு கை ஹோல்டரை. ஷீல்டுக்கு மூன்றாவது கை இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பி ஒரு தட்டுத் தட்டுவார். பத்து டேக்கில் இரண்டில் கண் தாமதமாக மூடும். எதிரே குழாயைப் பிடித்திருக்கும் உதவியாளருக்கு எப்போது தட்டுவார் என்பதே தெரியாது. அன்றாடம் கண் எரிந்து தூக்கமிழப்பவர் பெரும்பாலும் அந்தப் பையன்தான்.

புறஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுடுகிறது. வெயிலில் தோல் கருகுவது போன்றதே இதுவும். சுட்ட உடனே தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வில்லை வைப்பது எனக் கைவைத்தியங்கள் உண்டு. மேல்தோல் ஓரிரு நாளில் தானாகவே வளர்ந்துவிடும் என்பதால் எதை விட்டாலும் குணமானதாகத் தோன்றும்; புண்ணான கருவிழியில் கிருமி சேர்ந்தால்தான் பெருந்துன்பம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து இன்னும் மோசம். வலி உடனே நிற்கும். தொடர்ந்து விட்டால் கருவிழி ஆறவே ஆறாது. அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்பது கண் மருத்துவத்தின் பால பாடம்.

ஒளி பட்டவுடன் தானாகக் கறுக்கும் தலைக்கவசம் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. தரச்சான்று பெற்ற கவசம் கறுக்காத நிலையிலும் புறஊதாக் கதிரை வடிகட்டும். கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். டேக் அடிக்கக் கண்ணை மூட வேண்டியதில்லை. பட்டறைக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்கச் சொல்வேன், உதவியாளருக்கும் சேர்த்து இரண்டாக. பழைய ஷீல்டு வைத்திருப்போர் கறுப்புக் கண்ணாடியின் முன்னால் உள்ள வெள்ளைக் கண்ணாடியை அடிக்கடி மாற்ற வேண்டும். பொறி தெறித்து மங்கிய கண்ணாடி வழியே இணைப்புத் தெரியாததால்தான் பலர் ஷீல்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கூலிங் கிளாஸ் எதற்கும் உதவாது. ஏஜி-4 என்று அழைக்கப்படும் கிரைண்டரின் வட்டுக் காப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டு மாட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். சிறிய கிரைண்டரின் வேகத்தைப் பெரிய வட்டு தாங்காது, சிதறும். கண்ணில் ஏறிய இரும்புத் துணுக்கைச் சக தொழிலாளி துணி முனையாலோ தீக்குச்சியாலோ எடுப்பது கோவை போன்ற கண் மருத்துவமனைகள் நிறைந்த ஊரில் ஏற்கத்தக்கதல்ல.

மின்சாரத்தில் ஒரு சொல்லே குழப்பம் விளைவிக்கிறது. பட்டறையில் 'எர்த்' என்று சொல்லப்படுவது வேலைத்துண்டில் மாட்டும் திரும்பு கம்பி. இயந்திரத்தின் உடலை மண்ணோடு இணைக்கும் உண்மையான எர்த் அது அல்ல. "எர்த் கொடுத்திருக்குங்களே" என்று வெல்டர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இயந்திரத்தின் உடலில் மின்சாரம் கசிந்தால் அந்தக் கம்பி அவரைக் காப்பாற்றாது. மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்தினால் போதும் என்பதும் பாதி உண்மை. இயந்திரத்துக்கு உள்ளே வரும் மின்சாரம் கசிந்தால் அது துண்டிக்கும். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி ராடின் முனைக்கு வரும் மின்சாரம் அதன் கண்ணுக்கே தெரியாது. வேலை நடக்காதபோது அந்த முனையில் 50 முதல் 80 வோல்ட் வரை நிற்கிறது. காய்ந்த கையுறையோடு இருப்பவருக்கு அது ஒரு சுரீர். வியர்வையில் நனைந்த சட்டையோடு இரும்புச் சாரத்தின்மேல் சாய்ந்திருப்பவருக்கு அது உயிர் போகும் அளவு. ராடு மாற்றும்போது வெறுங்கையால் தொடாமல் இருப்பதும், மழை ஈரத்தில் கட்டைப் பலகைமேல் நிற்பதும், ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ அணிவதும் காசு அதிகம் பிடிக்காத பாதுகாப்புகள். செருப்பும் லுங்கியும் பாலியெஸ்டர் சட்டையும் கூடாது. பாலியெஸ்டர் எரிவதைவிட உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வதே கொடுமை.

கேஸ் கட்டிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்ஸிஜன் சிலிண்டரின் வால்விலோ ரெகுலேட்டரிலோ எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. உயரழுத்த ஆக்ஸிஜனில் அது தானாகவே தீப்பற்றும். உடம்பின் தூசியை ஆக்ஸிஜன் குழாயால் ஊதித் தட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். ஆக்ஸிஜன் ஊறிய சட்டைக்கு ஒரு பொறி போதும். தீ பின்வாங்காமல் தடுக்கும் கருவி இரு குழாய்களிலும் இருக்க வேண்டும். மூடிய இடத்தில் கசியும் அசிட்டிலீன் என்ன செய்யும் என்பதற்கு, 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் பழுதுபார்ப்பில் இருந்த 'சாகர் பூஷண்' கப்பலில் ஐவர் இறந்ததே சான்று. நம் பக்கத்து ஆழ்கிணறுகளும் ஏறத்தாழ மூடிய இடங்கள்தாம். கிணற்றுக்குள் ஏணியையோ குழாயையோ பற்றவைக்க இறங்குபவருக்கு மேலே ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். சிலிண்டர் கிணற்றுக்கு வெளியே இருக்க வேண்டும். சாப்பிட மேலே வரும்போது கட்டரையும் மேலே கொண்டுவந்துவிட வேண்டும்.

மாசி, பங்குனியில் இன்னொரு கவலை சேர்கிறது. யானைக்கு அஞ்சி வேலி அமைக்கும் தோட்டங்கள் போளுவாம்பட்டி வனச்சரகத்தின் ஓரத்தில் இருக்கின்றன. வேலித் தூணைப் பற்றவைக்கும் இடத்தைச் சுற்றிக் காய்ந்த புல். பொறிகள் விழக்கூடிய 35 அடி சுற்றளவில் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒருவர் நின்று கவனிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதி. பொறி விழுந்த இடத்தில் உடனே தீ எழுவதில்லை. கனன்று, காற்று வந்தபின் எழும். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரல் 11 அன்று 17 பேர் இறந்த தீ, மேலே சாலையில் நடந்த வெல்டிங்கின் பொறி கீழ்த்தளக் கூரைக்குள் விழுந்ததால் தொடங்கியது. தோட்டத்து வேலையில் அந்த ஒரு மணி நேரக் காவல் வெல்டரால் இயலாது. அடுத்த தோட்டத்துக்கு அவர் போயாக வேண்டும். அது தோட்டக்காரரின் வேலை. இரண்டு குடம் தண்ணீரும் ஒரு மண்வெட்டியும் போதும்.

தொழிற்சாலைகள் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும் என்றிருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொகுப்புச் சட்டம் தொழிற்சாலைக்கான அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியுள்ளது. மூன்று பேர் பட்டறை முன்பும் வெளியில்தான் இருந்தது, இப்போது இன்னும் தொலைவுக்குப் போயிருக்கிறது. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே 1975இல் திருச்சி பெல் வளாகத்தில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்ட மாநிலம் இது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு வெல்டர் பயிற்சியும் உண்டு. ஆனால் சாலையோரப் பட்டறையில் இருப்பவர்களில் பலர் உதவியாளராகச் சேர்ந்து பார்த்துக் கற்றவர்கள். குரு செய்ததையே சீடரும் செய்கிறார், கண்ணை மூடி டேக் அடிப்பது உட்பட. தொழிற்பயிற்சி நிலையங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிய அளவில் அரை நாள் பயிற்சி நடத்தினால் இவர்கள் வருவார்கள் என்றே நம்புகிறேன். பாடம் அதிகம் வேண்டாம். விசிறி, டிரம், எர்த் மூன்றும் போதும்.

உரிமையாளரே உழைப்பாளியாக இருக்கும் இடத்தில் இழப்பீடு கேட்க முதலாளி இல்லை. வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய், ஒரு கண்ணின் பார்வை முழுமையாகப் போனால் ஒரு லட்சம். தொகை சிறியதுதான், இதைக்கூடப் பெற்றிராத வெல்டர்களை எனக்குத் தெரியும். புகையால் வரும் நோய் இதில் அடங்காது. தமிழ்நாடு அரசு 2024இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தொழிலாளர்களை அவர்கள் பணியிடத்திலேயே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பரிசோதிக்கிறது. அந்தக் குழு ஆலைகளோடு நின்றுவிடாமல் இந்தச் சாலையோரப் பட்டறைகளுக்கும் வர வேண்டும். வரும்போது நுரையீரலின் திறனை ஊதிப் பார்க்கும் சிறு கருவி ஒன்றையும் கையில் எடுத்து வர வேண்டும்.